மூடியைத் திறக்குமுன் ஒரு வாளி தண்ணீர்

ஸ்டெல்லாவின் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. காபி சிந்தியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். லேபுக்குள் ஏது காபி? பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறை அகலமானது. நடுவில் நூல் இற்றுப்போய் ஓர் ஓட்டை விழுந்தது.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியின் வேதியியல் லேப் அது. பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாவது பேட்ச் உள்ளே இருந்தது. செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மேசையில் எஸ்டர் சோதனை செய்து பழ வாடை கிளம்பியிருந்தது. ஸ்பிரிட் விளக்கின் வாசனையும், பிள்ளைகள் தலையில் வாடிய மல்லிகையும் அதோடு கலந்திருந்தன. இப்போதும் எங்காவது பழ எசன்ஸ் வாசனை அடித்தால் எனக்கு அந்தத் துணிதான் கண்ணில் வருகிறது.

"என்னட்டி அது கையில?"

"ஆசிட் லேசாப் பட்டுட்டு டீச்சர். பேச்சி கட்டுப் போட்டுட்டா" என்றாள் ஸ்டெல்லா. சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது.

அவளுடைய சிநேகிதி பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று, கட்டின் முடிச்சை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். "நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கேன் டீச்சர். காத்துப் படாது" என்றாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து முடித்த பிள்ளையின் முகமாக இருந்தது.

அடர் கந்தக அமிலத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொதிக்கிற எண்ணெய் மாதிரி பட்டதும் அலற வைக்காது. வழவழவென்று, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். எரிச்சல் தெரியும்போது அது தோலுக்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். அதன் மேல் துணியை வைத்துக் கட்டினால், போகிற அமிலத்தைப் போகாதே என்று பிடித்து வைத்த மாதிரிதான்.

நான் அந்தக் கட்டைப் பிய்த்து எறிந்தேன். வளையலைக் கழற்ற நேரமில்லை, உடைத்தேன். மேசைக் காலடியில் இருந்த வாளியிலிருந்து மக்கால் மோந்து மோந்து அவள் கையில் ஊற்றத் தொடங்கினேன். அப்போதுதான் ஸ்டெல்லா அலறினாள்.

வாளி டீச்சர்

அந்த வாளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் லேபில் நான்கு குழாய்கள் இருந்தன. நான்கும் நல்ல பித்தளைக் குழாய்கள். திருகினால் காற்று வரும். ஊருக்கே தண்ணீர் முறை வைத்து விடுகிற காலத்தில், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறி, அது லேபுக்கு வந்து சேர்வதென்றால் அது பண்டிகை நாள் மாதிரி.

நான் ஒரு சட்டம் போட்டேன். மேசைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மக்கும் வந்து சேராமல் அமில பாட்டிலின் மூடியைத் திறக்கக் கூடாது. பிள்ளைகள் கீழே இருக்கும் நிலத்தடித் தொட்டியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். "கெமிஸ்ட்ரி படிக்க வந்தமா, தண்ணி எடுக்க வந்தமா?" என்று முனகுவார்கள். எனக்கு வாளி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். கழிவறைச் சுவரில் ஒரு வாளிக்குக் கண்ணாடி மாட்டி, சேலை கட்டிப் படம்கூட வரைந்திருந்தார்கள். மூக்கு நன்றாக வந்திருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கும்போதே பாதி ஏறியிருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு மட்டும் கோபம் வரவில்லை. என்னைப் பற்றி ஒரு விஷயமாவது பிள்ளைகள் மனதில் தங்கியிருக்கிறதே என்று இருந்தது.

லேபுக்குள் பயமுறுத்தியே பாடம் நடத்துகிறவள் என்று என்னை நினைத்துவிடக் கூடாது. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் வருடத் தொடக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் கொண்டுவரச் சொல்வேன். அதன் மேல் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டால் கல் நுரைத்துச் சீறும். தினமும் காலில் இடறுகிற கல் உயிர் வந்த மாதிரிச் சீறுவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்த ஆச்சரியத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஆச்சரியப்பட வந்த பிள்ளை முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் வாளி.

ஸ்டெல்லாவுக்கு அன்று நடந்தது இதுதான். அவள் உயரம் குறைந்த பிள்ளை. அமில பாட்டில் மேசைக்கு மேல் தட்டில் இருந்தது. எக்கி எடுத்திருக்கிறாள். முந்தைய பேட்ச்சில் யாரோ ஊற்றிவிட்டு பாட்டிலின் வாயைத் துடைக்காமல் வைத்திருந்தார்கள். வெளிப்புறம் வழிந்து நின்ற அமிலம் தூக்கிய கையில் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. துடைக்காமல் வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துப் பெயர் தெரிந்தால் ஒரு பிள்ளை காலத்துக்கும் அதைச் சுமக்கும்.

ஆனால் சுமக்க வேண்டாத ஒருத்தி சுமக்கத்தான் செய்தாள்.

நீள்ளு லேவு

அமிலம் பட்ட இடத்தில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதாது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரை பீரியட் நேரமாவது விடாமல் ஓட வேண்டும். சோடா உப்பைத் தேய்க்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது மேசையில் சிந்தினால் தூவுவதற்கு. தோலுக்குத் தண்ணீர்தான் மருந்து.

எல்லா மேசை வாளிகளும் தீர்ந்தன. பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். கீழ்த்தொட்டியும் அடி தட்டியது. மதியம் பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த டிரம்மைத் திறக்கச் சொன்னேன்.

எங்கள் எச்.எம். அம்மா ஓடி வந்தார். நல்ல மனுஷி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதறினால் தமிழ் போய்விடும். டிரம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீள்ளு லேவு டீச்சர், நீள்ளு லேவு" என்றார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகும் என்கிறார்.

"பிள்ளைங்க ஒரு நேரம் தாகமா இருந்துக்கிடும் மேடம். இவ கை திரும்ப வராது" என்றேன். கத்தித்தான் சொன்னேன். எச்.எம். அம்மா வாயை மூடிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, தானே ஒரு வாளியை வாங்கினார்.

இத்தனை நேரமும் பேச்சி அசையவில்லை. நான் பிய்த்து எறிந்த துணி தரையில் ஈரத்தில் கிடந்தது. வெள்ளைத் துணியில் பழுப்பு ஓட்டைகள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்தார். இளவயதுக்காரர், பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. "தண்ணி விட்டது நல்லது. மத்த இடமெல்லாம் மேலோட்டமாத்தான் இருக்கு. துணி இருந்த இடம் மட்டும் ஆழமாப் போயிருக்கு. யாரு உடனே துணியக் கட்டுனது?"

"இப்போ அது எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"நாந்தான்" என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. பேச்சி, ஸ்டெல்லாவின் பையையும் தன் பையையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நின்றாள்.

எதையாவது தடவும் ஊர்

பேச்சி ஏன் கட்டினாள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் வீடு ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சத்திரப்பட்டிப் பக்கம். அங்கே வீட்டுக்கு வீடு தறி. நெய்வது பேண்டேஜ் துணி. பிறந்த பிள்ளையைத் துடைப்பது அதில்தான். மோர் வடிகட்டுவது, இட்லித் தட்டில் விரிப்பது, சைக்கிள் துடைப்பது, சாமி படத்துக்குத் திரை போடுவது எல்லாம் அதுதான். முழங்கால் சிராய்த்து வந்தால் அம்மா தறிப்பக்கம் கையை நீட்டிக் கிழித்துக் கட்டிவிடுவாள். அடிபட்டதா, கட்டு. கேள்வியே கிடையாது. பேச்சியின் பையில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். சூடான டெஸ்ட் டியூபைப் பிடிக்க எங்கள் லேப் முழுக்க அவள் துணிதான்.

மற்ற ஊர்களும் இதில் சளைத்தவை இல்லை. ஒரு முறை என் தங்கை அப்பளம் பொரிக்கும்போது கையில் எண்ணெய் தெறித்தது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் செய்தி பரவி, நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் பற்பசை தடவியிருந்தார், இன்னொருவர் அதன் மேல் இட்லி மாவு பூசியிருந்தார், மூன்றாமவர் பேனா மையை ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் ஒரு குடம் தண்ணீர் தளும்பாமல் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும் என்று ஒரு நம்பிக்கை. என் தங்கையின் புறங்கையில் இன்றைக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது.

அன்பு இல்லாமல் யாரும் இதைச் செய்வதில்லை. பதறிப்போய், சும்மா நிற்க மனம் வராமல்தான் செய்கிறார்கள். அதனால்தான் இதைத் திட்டித் திருத்தவும் முடியவில்லை.

தறிச் சத்தம்

ஸ்டெல்லாவின் அம்மா சோழபுரத்திலிருந்து வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர். மகளின் கையைப் பார்த்ததும் சேசுவே, சேசுவே என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது முகம் வேறாகிவிட்டது.

"கூடவே திரிஞ்சு கையப் பொசுக்கிட்டாளே. அந்தப் பிள்ள எம் மக பக்கத்துல ஒக்காரக் கூடாது டீச்சர். பரிட்சையிலயுங்கூட" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எச்.எம். அம்மா என் கையை அழுத்தினார். ஸ்டெல்லாவைக் காலை பேட்ச்சிலும் பேச்சியை மதிய பேட்ச்சிலும் போட்டுவிடலாம் என்று அங்கேயே முடிவானது.

அது தேவைப்படாது போலிருந்தது. பேச்சி முதலில் லேப் நாட்களில் மட்டும் வராமல் இருந்தாள். பிறகு பள்ளிக்கே வரவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வராத பிள்ளை வேதியியலில் தேற முடியாது. பேச்சிக்கு நர்சிங் படிக்க ஆசை. மார்க் எடுக்கக்கூடிய பிள்ளைதான். ஒரு பாட்டிலைப் பார்க்கப் பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறாள் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். பேச்சி முன்னறையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள், அதாவது குறுக்கே ஓடும் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்தார். கையெல்லாம் பஞ்சுத் தூசி.

"எங்க துணி ஒரு சீவனுக்கும் கெடுதல் பண்ணாது டீச்சர்" என்றார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் முதல் பேச்சு. "எங்கெங்கயோ ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவுது. பட்டாளத்துக்குக்கூடப் போவுதுங்காவ. காயத்த ஆத்தத்தான நாங்க நெய்யுதோம். அது எப்படி டீச்சர் அந்தப் பிள்ளைக்கு வெசமாப் போச்சு?"

"துணி மேல தப்பில்லம்மா. தண்ணிக்கு முந்தி வந்துட்டு. அம்புட்டுத்தான்."

அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஆறுதல் அடைந்த மாதிரித் தெரியவில்லை.

பேச்சி நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நான் கட்டாம இருந்திருந்தா அவளுக்கு இம்புட்டுத் தழும்பு வந்திருக்காதுல்ல டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராவது என்றால் சொல்லியிருப்பார்கள். இருபது வருடம் அமிலம் என்ன செய்யும் என்று பாடம் நடத்திவிட்டு, அந்தப் பிள்ளை கேட்டபோது மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"வந்திருக்காது" என்றேன்.

பேச்சி தலையை ஆட்டினாள். குச்சியை மாற்றிப் போட்டு அடுத்த தாரைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபமும் வந்தது.

சிஸ்டர் பிரித்த பாக்கெட்

ஸ்டெல்லாவுக்குக் கட்டு மாற்றும் நாட்களில், பள்ளி விட்டதும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவள் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவாள், அழ மாட்டாள். ஒருநாள் சிஸ்டர் புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் துணியை எடுத்தபோது ஸ்டெல்லா மற்றக் கையால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது பேச்சி ஊர்த் துணியா சிஸ்டர்?"

"நம்ம பக்கத்துல வேற எங்கருந்து வரும்? அவிய நெய்யுததுதான். வெளுத்து, கிருமி போக்கி, பாக்கெட்டுல அடைச்சு வருது" என்றார் சிஸ்டர். முதலில் உப்புநீரால் புண்ணைக் கழுவினார். செத்த நேரம் காத்திருந்தார். பிறகு துணியை வைத்தார்.

ஸ்டெல்லா அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வெளியே வந்ததும் கேட்டாள். "சனிக்கெழம என்னையப் பேச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீகளா டீச்சர்?"

"உங்க அம்மாட்ட என்ன சொல்லுவ?"

"பேச்சி வீட்டுக்குப் போறேன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்லிட்டுப் போனா போன மாதிரியா இருக்கும்?"

சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக மகளிடம் பேசவே இல்லையாம்.

நாங்கள் போனபோது பேச்சியின் அம்மா தன் மகளைப் பார்த்தார், தறியை நிறுத்தினார். சத்தம் நின்றதும் அந்த வீடு திடீரென்று பெரிதானது போல் இருந்தது. ஸ்டெல்லா பாயில் உட்கார்ந்து, சிஸ்டர் கொடுத்தனுப்பிய உப்புநீர் பாட்டிலையும் பிரிக்காத பாக்கெட்டையும் முன்னால் வைத்தாள். இடது கையை நீட்டினாள்.

"கட்டு மாத்தணும். நீ மாத்து."

"என்னால முடியாது ஸ்டெல்லா" என்றாள் பேச்சி.

"நீ கட்டுனது தப்புதான். நான் இல்லைன்னு சொல்லல. வேண்டாம்னு நானும் சொல்லலைல்ல? ரெண்டு பேத்துக்கும் அன்னைக்குத் தெரியல. இப்போ தெரியும். மாத்து."

பேச்சி எழுந்து போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவிவிட்டு வந்தாள். பழைய கட்டை அவிழ்த்தாள். புண்ணை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஆறிவரும் தோலில், துணியின் விளிம்பு இருந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு நேரான ஓரம் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கழுவிய கை என்று நினைவு வந்ததோ என்னவோ, பாதியில் இறக்கிவிட்டாள். கண்ணீர் தாடையில் வழிந்தபடியே இருந்தது. உப்புநீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும்ட்டி, பாட்டிலே தீந்துரும்" என்றாள் ஸ்டெல்லா.

துணியை வைத்துக் கட்டினாள். "இறுக்குதா?"

"இல்ல. பரிட்சைக்கு வருவியா?"

பேச்சி காலிப் பாக்கெட்டை மடித்து வைத்தாள். "அந்தப் பாட்டிலத் தொடணுமே" என்றாள்.

"தொடு. நான் வாளியோட நிக்கேன்."

மூடியாச்சா

தேர்வுக்குள் லேபில் சில மாற்றங்கள் செய்திருந்தேன். அமில பாட்டில் மேல் தட்டிலிருந்து கீழே இறங்கி, மணல் பரப்பிய தட்டில் உட்கார்ந்தது. வாளிப் பக்கம் எந்நேரமும் ஓர் ஆள், வேறு வேலை எதுவும் செய்யாமல், மக்கும் கையுமாக நிற்க வேண்டும் என்று புதிய சட்டம். யாருக்கும் பிடிக்காத வேலை. முறை வைத்துத்தான் நிறுத்தினேன்.

ஸ்டெல்லா காலை பேட்ச்சில் தேர்வை முடித்தாள். மதியம் நான் கதவைத் திறந்தபோது கட்டுப் போட்ட கையோடு வந்து மூன்றாவது மேசை வாளிப் பக்கம் நின்றுகொண்டாள். அது பேச்சியின் மேசை.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் கண்டிப்பான மனிதர். கட்டைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை காலையிலேயே முடிச்சிட்டாளே? முடிச்ச பிள்ளை உள்ளே நிக்கக் கூடாதும்மா. விடை சொல்லிக் கொடுத்தா யார் பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம்தான். "சார், அவ வாளிக்கு நிக்கா. எங்க லேபுல வாளிக்கு ஆள் இல்லாம ஆசிட்டத் திறக்க மாட்டோம்" என்றேன்.

"வேற பிள்ளை நிக்கட்டுமே."

ஸ்டெல்லா கையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குத்தான் சார் பட்டுச்சு. எம்புட்டுச் சீக்கிரம் ஊத்தணும்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் அந்தக் கட்டை இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மேசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார்.

ஸ்டெல்லா திரும்பி நின்றாள். சுவரைப் பார்த்தபடி, காலடியில் வாளி, கையில் மக்.

சோதித்துக் கண்டுபிடிக்கப் பேச்சிக்கு வந்த பொருள் வெள்ளைத் தூள். என்ன வந்தாலும் அந்தப் பாட்டிலைத் திறக்காமல் தேர்வை முடிக்க முடியாது. கண்ணாடி மாட்டிக்கொண்டாள். துப்பட்டாவை இழுத்துப் பின்னால் முடிந்தாள். மற்றச் சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பாட்டில் முன்னால் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். போய்ப் பக்கத்தில் நிற்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

ஜன்னல் பக்கம் நிழல் தட்டியது. ஸ்டெல்லாவின் அம்மா, மகள் இன்னும் வரவில்லையே என்று தேடி வந்திருக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். முதுகைத் திருப்பி நிற்கும் தன் மகளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பாட்டில் முன் நிற்கும் பேச்சியைப் பார்த்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

பேச்சி மூடியைத் திறந்தாள். தூளைக் கரைத்து வைத்திருந்த டெஸ்ட் டியூபைச் சாய்த்துப் பிடித்து, அமிலத்தைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டியே மெல்ல இறக்கினாள். அமிலம் அடியில் போய்ப் படிந்தது. இரண்டும் சேரும் இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் எழுந்தது. சர்க்கரைக்கு வரும் வளையம். நான் எத்தனையோ பிள்ளைகள் கையில் அதைப் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தபோதுதான் மூச்சை விட்டேன்.

டியூபை ஸ்டாண்டில் வைத்தாள். பாட்டிலின் வாயை ஈரத் துணியால் சுற்றித் துடைத்தாள். வெளிப்புறத்தையும் துடைத்தாள். மூடியைப் போட்டு மணல் தட்டில் வைத்துவிட்டுக் கைகளை வாளித் தண்ணீரில் கழுவப் போனவள், ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நின்றாள்.

பேசக் கூடாது என்பது மறந்துபோய், சுவரைப் பார்த்தபடியே ஸ்டெல்லா கேட்டாள். "மூடிட்டியாட்டி?"

"மூடிட்டேன்" என்றாள் பேச்சி. "தொடச்சும் வச்சுட்டேன்."

தேர்வாளர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் மாதிரி தலையை நிமிர்த்தவே இல்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனார்கள். ஸ்டெல்லாவின் அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பேச்சி அவரைப் பார்த்ததும் சுவர் ஓரமாக ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா மகளிடமிருந்து பையை வாங்கினார். பேச்சியின் பக்கம் திரும்பி, அவள் தோளில் கிடந்த பையையும் வாங்கிக்கொண்டார்.

"பஸ்ஸ்டாண்டு வரைக்கும் ஒரே வழிதான. வாங்கட்டி ரெண்டு பேரும்" என்றார்.

மூவரும் போவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து விளக்குகளைச் சரிபார்த்தேன். மூன்றாவது மேசை வாளியில் பேச்சி கை கழுவ எடுத்த ஒரு மக் தண்ணீர்தான் குறைந்திருந்தது. மறுநாள் பேட்ச்சுக்கு ஆகும் என்று ஒரு தட்டை எடுத்து அதை மூடி வைத்துவிட்டு, நானும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.